கீசர் ஏன் அடிக்கடி அணைகிறது?

யாழ்ப்பாணக் குடாநாட்டில், நெல்லியடிப் பக்கத்துக் குசினிகளில் கேத்தலின் மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் வெள்ளையாய் ஒரு படிவு தெரியும். குடாநாட்டின் நிலத்துக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். அதில் ஊறி வரும் கிணற்று நீர் கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு வருகிறது. நீர் சூடாகும்போது அது பாத்திரத்தில் ஒட்டிக்கொள்கிறது. கேத்தலில் படிந்தால் சுரண்டிவிடலாம். காஸ் கீசரின் குழாய்க்குள் படிந்தால்?

பிள்ளை பெற்ற தாய்க்கும், மார்கழிக் குளிரில் முதியவர்களுக்கும் வெந்நீர் வேண்டும். விறகடுப்பில் பானை ஏற்றிய வேலையைச் சில வீடுகளில் இன்று கீசர் செய்கிறது. நன்றாக எரிந்துகொண்டிருந்த அது திடீரென அணைகிறது. சற்று ஆறியதும் மறுபடி எரிகிறது. உடனே, "மெஷின் பழுது" என்கிறோம். உண்மையில் அது பெரும்பாலும் பழுதல்ல, காவல்!

உள்ளே நடப்பது

ஒரு கீசர் 10 கிலோவாட் வெப்பத்தை நீருக்குக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 5 லீற்றர் நீர் ஓடினால் சூடு சுமார் 29 பாகை உயரும். 28 பாகையில் நுழையும் நீர் 57 பாகையில் வெளிவரும். படிவினால் ஓட்டம் பாதியாகக் குறைந்தால்? அதே நீர் 85 பாகையைத் தொடும். மேனி வெந்துவிடும் சூடு அது! அதை உணர்ந்துதான் உள்ளே இருக்கும் வெப்பக் காவல் காஸை நிறுத்துகிறது.

நீங்கள் செய்யக்கூடியவை

முதலில் சிலிண்டர் வால்வை மூடி, கீசரை ஆறவிடுங்கள்.

* ஷவர் தலையைக் கழற்றி வினாகிரியில் ஊறவைத்துத் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள்.
* நீர் நுழையும் இடத்திலுள்ள சிறு வலைவடியைக் கழுவுங்கள்.
* காஸ் திருகியைக் குறைத்து, நீர்த் திருகியைக் கூட்டுங்கள். நம் ஊர் நீர் குளிர் நாட்டு நீரல்ல. அதற்குக் குறைந்த சுவாலையே போதும்.
* தண்ணீர்த் தொட்டியின் உயரத்தைக் கவனியுங்கள். ஒரு மீற்றர் உயரம் 0.1 பார் அமுக்கம்தான் தரும். கீசரில் எழுதியுள்ள அளவுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எரியாமலே இருந்தால் அது வேறு விடயம். பற்றரியையும் சிலிண்டரையும் பாருங்கள். இத்தனைக்கும் பிறகும் அணைந்தால் உட்குழாயில் படிவு இருக்கலாம். அதைத் தெரிந்த தொழிலாளியிடம் விடுங்கள்.

செய்யவே கூடாதது

"அந்த வயரை இணைத்துவிட்டால் அணையாது" என்று சொல்பவர்கள் உண்டு. சம்மதிக்காதீர்கள்! புகைவழி அடைத்தாலும் அணையும் கீசர்கள் உள்ளன. அந்தக் காவலை நீக்கினால் காபனோரொட்சைட்டு வாயு அறைக்குள் நிறையும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, மயக்கம், பிறகு மரணம். மூடிய குளியலறைக்குள் கீசர் பொருத்துவதும் இதே காரணத்தால் ஆபத்து. குளிக்கும்போது தலை சுற்றினால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

லண்டனில் இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். அங்கே வீட்டைச் சூடாக்கும் பொயிலர் அணைந்தால் பம்ப் நின்றிருக்கலாம், குழாயில் காற்றோ கசடோ அடைத்திருக்கலாம். மீட்டெடுக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்தலாம். திரும்பத் திரும்ப அழுத்துவது தவறு. 2009 முதல் அங்கே காஸ் வேலை செய்பவர் 'காஸ் சேஃப்' பதிவு பெற்றிருப்பது சட்டம். அவரது அட்டையைக் கேட்டுப் பார்த்தபின் உள்ளே விடச் சொல்லுங்கள்.

சகோதரிகளே! அணையும் கீசரைத் திட்டாதீர்கள். அது ஏன் அணைந்தது என்று தெரிந்த பிறகே மீண்டும் எரியவிடுங்கள்.