கடை, கழனி, ஏரிக்கரை

காலை ஷிப்டுக்கான கம்பெனி பஸ்கள் ஒரகடம் கூட்டுரோட்டைக் கடக்கும் நேரத்தில், சாலையோரக் கடைகளின் ஷட்டர்களும் ஒவ்வொன்றாக மேலேறுகின்றன. டீக்கடை, பஞ்சர் கடை, வெல்டிங் பட்டறை, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. இந்தக் கடைக்காரர்களில் பலருக்குப் பக்கத்து ஊர் ஏரிப் பாசனத்தில் அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ கழனியும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால், கடையைப் பூட்டிவிட்டு ஏரிக்கரைக்குப் போய் நிற்பவர்களும் இவர்கள்தான். அந்த மூன்றாவது வேலைக்குக் கூலி கிடையாது.

காயில் கட்டுபவரையே எடுத்துக்கொள்வோம். மோட்டாரைப் பிரித்ததுமே கருகிய வார்னிஷ் வாடை வரும். பழைய காயிலை வெட்டி எடுத்து, எத்தனை சுற்று என்று எண்ணி, கம்பியின் கேஜைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். காடிகளில் இன்சுலேஷன் பேப்பரைச் சொருகி, புதுச் செப்புக் கம்பியை இறக்கி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்தால்தான் வேலை முடியும். வாசலில் காத்திருக்கும் விவசாயியின் அவசரம் அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சம்பா முடிந்து ஏரியில் தண்ணீர் மிஞ்சினால் நவரை வைக்கலாம். சொர்ணவாரிக்குப் பெரும்பாலும் கிணறும் போரும்தான் கைகொடுக்க வேண்டும். கோடையில் மோட்டார் எரிந்தால் பயிர் எத்தனை நாள் தாங்கும் என்ற கணக்கு அவருக்குச் சொந்தக் கழனியிலிருந்தே தெரியும்.

இந்த மண்ணில் கம்பெனிகள் வந்து முப்பது ஆண்டு ஆகப்போகிறது. 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கியது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவும், 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசானும் உற்பத்தியைத் தொடங்கின. 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது வேலை இழந்தவர்கள் உள்ளே இருந்தவர்கள் மட்டுமல்லர். ஆட்களை ஏற்றி இறக்கிய வேன்காரர், மெஸ் நடத்தியவர், வீட்டை விடுதியாக்கி வாடகைக்கு விட்டவர் என்று அந்த ஆலையை நம்பி ஒரு வட்டாரமே இருந்தது. கடைக்கு ஆள் வராத மாதங்களிலும் கழனி இருந்தால் வீட்டில் அரிசி இருக்கும். இரண்டையும் விடாமல் வைத்திருப்பதற்கு இந்த ஊர்க்காரர்கள் சொல்லும் காரணம் அதுதான்.

ஏரிக்கரை வேலை இன்னும் நுட்பமானது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதி ஏரிகள் சங்கிலி போன்றவை. மேல் ஏரி நிரம்பிக் கலங்கலில் வழியும் நீர் கீழ் ஏரிக்குப் போகும். மேலே ஒரு கரை உடைந்தால் கீழே இருப்பவற்றுக்கும் ஆபத்து. அதனால் மழை இரவுகளில் டார்ச் அடித்துக்கொண்டு கரையின் வெளிச்சரிவை நடந்து பார்க்க வேண்டும். கசிவு தெளிந்த நீராக இருந்தால் கண்காணித்தால் போதும். கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று பொருள், உடனே மணல் மூட்டை இறக்க வேண்டும். இதற்கிடையே இன்னொரு சிக்கல். ஏரி நீர் பாயும் ஆயக்கட்டில் பயிர் வைத்த விவசாயி தண்ணீரைத் தேக்கி வைக்கச் சொல்வார். தாழ்வில் மனை வாங்கி வீடு கட்டியவர் திறந்துவிடச் சொல்வார். இருவரையும் நேரில் தெரிந்த ஒருவர்தான் நடுவில் நின்று பேச முடியும்.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டதைச் சென்னை மறக்கவில்லை. ஆனால் சென்னை வழியே ஓடும் அடையாற்றுக்கு வந்தது அந்த ஒரு ஏரியின் தண்ணீர் மட்டுமல்ல. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரும் அதில்தான் சேர்கிறது. இந்தக் கரைகளைக் காப்பவர் நகரத்தையும் சேர்த்தே காக்கிறார். நகரத்தில் அதைப் பேசுவோர் குறைவு.

ஏரிக்கென்று ஆள் வைக்கும் வழக்கம் இங்கே பழையது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921), 30 குடும்புகளிலிருந்து (ஊர்ப் பிரிவுகளிலிருந்து) குடத்தில் ஓலை போட்டு எடுக்கும் குடவோலை மூலம் வாரியங்களுக்கு ஆள் எடுத்த விதிகளைச் சொல்கின்றன. ஏரி வாரியத்துக்கு 6 பேர், பதவிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவரின் பெயரும் அவர் உறவினர் பெயரும் அடுத்து குடத்தில் விழாது. இதைப் பெருமையோடு சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அது நிலமுள்ள பிராமணர்களின் சபை. கரைக்கு மண் சுமந்தவர் பெயர் அந்தக் குடத்தில் இல்லை.

1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற ஆங்கிலேயர் செங்கல்பட்டுப் பகுதியில் சுமார் 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். களத்தில் நெல் அளக்கும்போதே தச்சர், கொல்லர், வண்ணார், வெட்டியான், ஏரிப் பராமரிப்பு என்று தனித்தனியே மேரை எனும் நெல் பங்கை ஒதுக்கிய முறையை அந்தக் கணக்குகள் காட்டுகின்றன. ஏரிக்குப் பங்கு கொடுத்த பிறகுதான் நெல் வீட்டுக்குப் போகும். அங்கும் உழைத்தவருக்கு நெல் கிடைத்ததே ஒழிய, சாதி ஏணியின் கீழ்ப்படியில் இருந்தவருக்கு ஊர்ப் பேச்சில் இடம் கிடைக்கவில்லை. அந்த இடம் கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்துக் குத்தம்பாக்கத்தில் 1996-ல் ஊராட்சித் தலைவரான இளங்கோ, வேதிப் பொறியாளர், தலித். விஞ்ஞானி வேலையை விட்டு ஊருக்குத் திரும்பியவர். தலித் குடும்பமும் மற்ற சாதிக் குடும்பமும் ஒட்டிய சுவரில் வாழும் இரட்டை வீடுகளை அவர் காலத்தில் அந்த ஊர் கட்டியது.

மேரை மறைந்தது, பராமரிப்பு பொதுப்பணித் துறைக்குப் போனது. 2017 மார்ச்சில் அரசு, ஏரிகளைப் பழுதுபார்க்கும் குடிமராமத்துத் திட்டத்தைத் தொடங்கியது இதே பகுதி மணிமங்கலம் ஏரியில்தான். செலவில் பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டுதாரர் உழைப்பாகவோ பொருளாகவோ தர வேண்டும் என்பது அப்போதைய ஏற்பாடு.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமையும் பாசனச் சங்கங்கள் ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்களைக் கொண்டவை. கழனிகள் மனைகளாகவும் கிடங்குகளாகவும் மாற மாற, சங்கத்தில் பங்கு தருபவர் குறைகிறார். கரைக்குக் கீழே குடியிருப்போரும் தொழிற்கூடங்களும் பெருகுகின்றன. ஏரி உடைந்தால் முதலில் நனைவது அவர்கள் வாசல். மனைக்காரரிடமும் ஆலையிடமும் வசூலாகும் வரியில் ஒரு பகுதியை அந்தந்த ஊர் வரத்துக்கால்வாய்க்கும் கலங்கலுக்கும் என்று ஒதுக்குவது பெரிய காரியமல்ல. மழை இரவில் கரையில் நிற்பவருக்குக் கூலியும், ரெயின்கோட்டும், முடிவெடுக்கும் கூட்டத்தில் ஒரு நாற்காலியும் அதிலிருந்தே கொடுக்கலாம்.