கார் ஏசி கேஸுக்கு ஆயுள் எத்தனை நாள், தெரியுமா?

2020 ஜனவரி 4. சிட்னியின் மேற்கே பென்ரித்தில் வெயில் 48.9 டிகிரி! அன்று காருக்குள் ஏறியவர்களின் கை முதலில் எங்கே போயிருக்கும்? ஏசி பொத்தானுக்குத்தான்.

வண்டியின் பானட்டைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே கேஸின் பெயரோடு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். கொஞ்சம் பழைய வண்டி என்றால் ஆர்-134ஏ; புதுசு என்றால் பெரும்பாலும் ஆர்-1234ஒய்எஃப். இரண்டிலும் ஃப்ளூரின் நான்கு, ஹைட்ரஜன் இரண்டு. புதியதில் கார்பன் ஒன்றே ஒன்று கூடுதல், அவ்வளவுதான். ஆனால் கசிந்து வெளியே போனால் பழையது சுமார் 14 வருஷம் காற்றில் சுற்றும். புதியது? ஏறக்குறைய 11 நாளில் காலி!

கூட வந்த அந்தக் கார்பனோடு ஓர் இரட்டைப் பிணைப்பும் வந்ததுதான் சங்கதி. காற்றில் ஹைட்ராக்சில் என்றொரு ஃப்ரீ ராடிக்கல், அதாவது ஜோடியில்லா எலக்ட்ரானோடு திரியும் துகள், உண்டு. வெயில் ஓசோனை உடைக்க, உடைந்த துண்டு நீராவியோடு மோதப் பிறப்பது. சுமார் 25 லட்சம் கோடி மூலக்கூறுகளுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் இருக்கும், அதுவும் ஒரு விநாடி தாங்கினால் பெரிது. பழைய கேஸில் அது ஹைட்ரஜனைப் பிய்த்தெடுத்தாக வேண்டும். மட்டையோடு தேங்காய் உரிக்கிற பாடு. இரட்டைப் பிணைப்பிலோ நேரே போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதுமே மூலக்கூறு சிதையத் தொடங்கிவிடும்.

இப்படி ஒட்டும் ராடிக்கல்களுக்கு விருப்பு வெறுப்பும் உண்டு, தெரியுமா? மூன்று ஃப்ளூரின் ஏறிய எத்திலீனில் இரட்டைப் பிணைப்பின் ஒரு முனையில் ஃப்ளூரின் ஒன்று, மறுமுனையில் இரண்டு. ஸ்காட்லாந்தின் வேதியியலாளர்கள் டெட்டரும் வால்ட்டனும் அதை வாயு நிலையில் வைத்துப் பார்த்தார்கள். மெத்தில் ராடிக்கல் இரண்டு ஃப்ளூரின் இருக்கும் முனையையே அதிகம் நாடியது. மெத்திலின் மூன்று ஹைட்ரஜனையும் ஃப்ளூரினாக மாற்றினார்கள். ஆள் கட்சி மாறிவிட்டான்! எலக்ட்ரான் பசி பிடித்த ராடிக்கல் அல்லவா, எலக்ட்ரான் கிடைக்கிற பக்கம்தானே போகும்? கார்பன் ராடிக்கல்கள் இப்படி இரட்டைப் பிணைப்புள்ள ஆல்கீன்களில் சேரும் விதத்தைப் பின்னாளில் சிட்னி பல்கலைக்கழகத்துக்கு வந்த லியோ ராடம், சூரிச்சின் ஹான்ஸ் ஃபிஷரோடு சேர்ந்து 2001இல் விரிவாக அலசி எழுதினார்.

மறுபடி பழைய கேஸுக்கு வருவோம். மெல்பர்ன்காரர்களுக்கு ஒரு சேதி. டாஸ்மானியாவின் கேப் கிரிம் முனையில் பிடித்த கடற்காற்றை 1978 முதல் சிலிண்டர்களில் அடைத்து, உங்கள் ஊரில் ஊறுகாய் ஜாடி மாதிரி பத்திரப்படுத்தி வருகிறது ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓ! 134ஏ காற்றில் எப்போது தலைகாட்டியது, எப்படி ஏறியது என்று அந்தப் பழைய காற்றைத் திறந்துதான் அளந்தார்கள்.

புதிய கேஸுக்கும் ஒரு வால் உண்டு. சிதைந்தபின் அது ட்ரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலமாகி மழையோடு இறங்குகிறது. அந்த அமிலத்தில் கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையே இரட்டைப் பிணைப்பு கிடையாது. லேசில் சிதையவும் சிதையாது.