கையடக்கக் கணினி: சிம் உள்ளதா, இல்லாததா?

ஊரிகம் ரயில் நிலையத்துக்கு அருகே சிறிய மளிகைக் கடை நடத்தும் வாடிக்கையாளர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் நம் கிளைக்கு வந்தார். கையில் புதிதாக வாங்கிய டேப்லெட் இருந்தது. கொள்முதல், கையிருப்பு, கடன் பாக்கி ஆகிய அனைத்தையும் அதில் ஒழுங்காக எழுதி வைத்திருந்தார். “கணக்கெல்லாம் சரியாக இருக்கிறது சார், பணம்தான் வந்து சேரவில்லை” என்றார் அந்த அம்மையார்.

முந்தைய நாள் மாலை மூன்று பேர் கடையின் கியூஆர் அட்டை வழியாகப் பணம் செலுத்தியதாகக் கூறி, தத்தம் கைப்பேசித் திரையைக் காட்டிவிட்டுப் பொருள்களைப் பெற்றுச் சென்றிருந்தனர். மொத்தம் 2,340 ரூபாய். கணக்கை எடுத்துப் பார்த்தபோது மூன்றில் ஒன்று மட்டுமே வரவாகியிருந்தது. அன்று மாலை மின்சாரம் இல்லாததால் வீட்டிலிருந்த வைஃபை இணைப்பும் இல்லை. டேப்லெட்டில் சிம் போடும் வசதியும் இல்லை. கணக்கில் பதிவாகியிருந்த எண்ணோ அவருடைய மகனின் கைப்பேசியில் இருந்தது. மகன் அதிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புபவர். பணம் வந்த செய்தியும் வராத செய்தியும் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தன. பொருள் மட்டும் இங்கே கைமாறியது.

“சிம் உள்ள டேப்லெட்டாக வாங்கியிருக்க வேண்டுமோ?” என்று அவர் கேட்டார். இதே கேள்வியை மாணவர்களின் பெற்றோரும், மகளிர் சுய உதவிக் குழுவினரும், ஓய்வூதியர்களும் நம்மிடம் கேட்பதுண்டு. அனைவருக்கும் ஒரே விடை பொருந்தாது. கருவியைப் பற்றிக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: நமக்குத் தேவையான செய்தி எங்கே, எப்போது வந்து சேர வேண்டும்?

மூன்று வகைத் தொடர்பு

கம்பியில்லாத் தொடர்பு என்று பொதுவாகச் சொன்னாலும் அது ஒரே பொருளன்று. புளூடூத் என்பது சில மீட்டர் தொலைவுக்குள் இரு கருவிகளை இணைப்பது. சிறிய ரசீது அச்சுக் கருவி, அட்டை தேய்க்கும் கருவி முதலியவை இவ்வகையில் இணையும். வைஃபை என்பது ஒரு வீடு அல்லது கடையின் எல்லைக்குள் இணையத்தைப் பகிர்ந்தளிப்பது. சிம் வழியான கைப்பேசி வலையமைப்பு நாம் செல்லும் இடமெல்லாம் உடன்வருவது.

இன்று விற்கப்படும் ஏறத்தாழ எல்லா டேப்லெட்டுகளிலும் முதலிரண்டும் உள்ளன. ஆகவே, விலை வேறுபாடு பெரும்பாலும் மூன்றாவதைச் சார்ந்தது. ஒரே மாதிரியில் ‘வைஃபை மட்டும்’ என ஒன்றும், சிம் வசதியுடன் மற்றொன்றும் கடையில் இருக்கும். பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்து, எது நம் கைக்கு வருகிறது என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சிம் இல்லாதது யாருக்குப் போதும்?

ஓரிடத்தில் அமர்ந்து பயன்படுத்துவோருக்கு அது போதும். வீட்டில் வைஃபை இருந்து, பாடம் படிக்கவும் காணொளி காணவும் வாங்கப்படும் டேப்லெட்டுக்குச் சிம் தேவையில்லை. சுய உதவிக் குழுவின் சேமிப்பு, கடன் தவணை ஆகியவற்றைக் கூட்டத்தில் பதிவு செய்து, பின்னர் வீட்டுக்கு வந்து இணையத்தில் ஏற்றுவோருக்கும் தேவையில்லை. ஆனால் கணக்கு எழுதும் செயலி இணையமின்றி இயங்குமா என்பதை வாங்கும் முன்னரே சோதிக்க வேண்டும். இணைப்பு இல்லாதபோது எழுதியதைச் சேமிக்காத செயலி, கூட்டத்தின் நடுவில் நம்மைக் கைவிட்டுவிடும்.

சுரங்கத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற குடும்பங்கள் மிகுந்த இவ்வூரில், ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய வாழ்நாள் சான்று பெரிய கவலை. ஜீவன் பிரமாண் எனும் மின்னணுச் சான்று முறை 2014ஆம் ஆண்டிலும், அதில் முகத்தைக் கொண்டு அடையாளம் காணும் வசதி 2021ஆம் ஆண்டிலும் நடைமுறைக்கு வந்தன. இதற்கு நல்ல முன்புறக் கேமராவும் இணைய இணைப்பும் வேண்டும். ஒருமுறைக் கடவு எண் கைப்பேசிக்கு வந்தால் போதும். எனவே பேரப்பிள்ளையின் சிம் இல்லாத ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும், அச்செயலிகள் அதில் இயங்குமானால், இதைச் செய்து முடிக்கலாம்.

எப்போதாவது வெளியே பயன்படுத்த நேர்ந்தால், கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் வழியாக டேப்லெட்டுக்கு இணையம் தரலாம். இதில் ஒரு குறை உண்டு: கைப்பேசியின் மின்கலம் விரைவில் தீரும். வாரம் ஒருமுறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம்; நாள்தோறும் என்றால் இரு கருவிகளும் ஒருங்கே ஓய்ந்துவிடும்.

சிம் உள்ளது யாருக்கு வேண்டும்?

நடமாடிக்கொண்டே தொழில் செய்வோருக்கு வேண்டும். ராபர்ட்சன்பேட்டையிலிருந்து ஆண்டர்சன்பேட்டை வரை கடை கடையாகச் சென்று சரக்கு ஆணை பெறும் விற்பனையாளர், காப்பீட்டு முகவர், பொருள்களை வீடுகளுக்குக் கொண்டுசேர்ப்பவர் ஆகியோர் இவ்வகையினர். இவர்கள் வாங்கும் முன் தம் சுற்றுப் பாதையில் எந்த நிறுவனத்தின் அலை நன்றாகக் கிடைக்கிறது என்பதைத் தம் கைப்பேசியிலேயே சில நாள்கள் கவனிக்க வேண்டும். வீட்டு மாடியில் நான்கு கோடுகள் காட்டும் அலை, பழைய கட்டடத்தின் தடித்த கற்சுவருக்குள் ஒன்றாகக் குறையக்கூடும். இரண்டு சிம் போடும் வசதி இவர்களுக்கு ஆடம்பரமன்று.

இவ்விடத்தில் வங்கியாளர் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். யுபிஐ செயலியைப் பதிவு செய்யும்போது, வங்கிக் கணக்கில் பதிவான எண்ணின் சிம் அதே கருவியில் இருக்க வேண்டும். அக்கருவியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி தானாகச் சென்று, இன்னாருடைய எண் இன்ன கருவியில் உள்ளது என்பதை உறுதிப்படுத்தும். உங்கள் கடவுச் சொல்லை அறிந்த ஒருவர் வேறொரு கருவியில் உங்கள் கணக்கைத் திறந்துவிடாதிருக்கவே இந்த ஏற்பாடு. ஆகையால் வைஃபை மட்டும் உள்ள டேப்லெட்டில் யுபிஐ செயலியைப் பதிவு செய்ய இயலாது. சிம் போட இடமிருந்தும் இணையத்துக்கு மட்டுமே அதைப் பயன்படுத்தி, குறுஞ்செய்தி அனுப்ப இயலாத டேப்லெட்டுகளும் உண்டு. கடைக்காரரிடம் உங்கள் சிம்மைப் போட்டு ஒரு குறுஞ்செய்தி அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. பின்னர் வரும் பெரும் ஏமாற்றத்தைத் தவிர்க்கும்.

நம்பகம் எங்கே இருக்கிறது?

பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட அதே 2001ஆம் ஆண்டில், பெங்களூரில் ‘சிம்ப்யூட்டர்’ எனும் கையடக்கக் கணினியின் முன்மாதிரி வெளியிடப்பட்டது. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் மென்பொருள் வல்லுநர்களும் இணைந்து உருவாக்கிய கருவி அது. ஆளுக்கொரு கணினி வாங்க இயலாத கிராமத்தில், ஒவ்வொருவரும் தத்தம் ஸ்மார்ட் அட்டையைச் செருகி ஒரே கருவியைப் பகிர்ந்துகொள்ளலாம் என்பது அதன் அரிய கருத்து. 2004ஆம் ஆண்டில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பாக ‘அமிடா சிம்ப்யூட்டர்’ சந்தைக்கு வந்தது. ஆயினும் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. மலிவான கைப்பேசிகள் பரவியதும் அது பின்தங்கிவிட்டது.

நல்ல எண்ணமும் நல்ல அமைப்பும் மட்டும் ஒரு கருவியை நெடுநாள் வாழவைப்பதில்லை. அதைச் சுற்றி உதிரிப் பொருளும் பழுதுபார்ப்பும் புதுப்பித்தலும் இருக்க வேண்டும். இன்று டேப்லெட் வாங்குவோரும் இதையே பார்க்க வேண்டும். அந்நிறுவனத்தின் பழுதுபார்ப்பு நிலையம் ராபர்ட்சன்பேட்டையிலோ கோலாரிலோ உண்டா, அல்லது ஒவ்வொரு முறையும் பெங்களூருக்குச் செல்ல வேண்டுமா? ஒரு நாள் கடையடைப்பும் செலவுதான். இன்னும் எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும்? அவை நின்றுபோன கருவியில் பணப் பரிமாற்றம் செய்வது, பூட்டுத் தேய்ந்த பெட்டியில் நகை வைப்பதற்கு ஒப்பாகும்.

இவ்வூருக்கே உரிய இன்னொரு சோதனை தூசி. காற்றுக் காலத்தில் சயனைடு மண்மேடுகளிலிருந்து பறந்துவரும் நுண்மண், மின்னேற்றும் துளையிலும் ஒலிபெருக்கியிலும் படிகிறது. கருவியின் விவரத்தில் ‘ஐபி’ என்ற எழுத்துகளுக்குப் பின் இரண்டு இலக்கங்கள் இருந்தால், முதலாவது தூசித் தடுப்பையும் இரண்டாவது நீர்த் தடுப்பையும் குறிக்கும். தூசிக்கு 6 என்பது மிக உயர்ந்த அளவு. அத்தகைய கருவியின் விலை மிகுதியாகத் தோன்றினால், மூடியுள்ள நல்ல உறையாவது வாங்குங்கள்.

தொலைந்தால் என்ன செய்வது?

சிம் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் 15 இலக்க ஐஎம்இஐ எண் உண்டு. கருவி களவு போனால், காவல் நிலையத்தில் புகார் அளித்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைப் பதிவு செய்தால், நாட்டின் எந்தக் கைப்பேசி வலையமைப்பிலும் அக்கருவி இயங்காதவாறு முடக்கலாம். பழைய கருவி வாங்குவோர், அது களவுப் பொருளா என்பதையும் அதே தளத்தில் சோதிக்கலாம். சிம் வசதி இல்லாத டேப்லெட்டுக்கு இந்த எண் இல்லை. எனவே இந்தப் பாதுகாப்பும் இல்லை. அதில் திரைப் பூட்டும், தொலைவிலிருந்து தகவல்களை அழிக்கும் வசதியும் முதல் நாளே அமைக்கப்பட வேண்டும்.

விலை வேறு, செலவு வேறு

ஒரு கணக்கைப் பார்ப்போம். சிம் உள்ள மாதிரிக்கு 4,000 ரூபாய் கூடுதல் விலை என்றும், அதற்கென மாதம் 200 ரூபாய் ரீசார்ஜ் என்றும் கொள்வோம். மூன்று ஆண்டுகளில் ரீசார்ஜ் மட்டும் 7,200 ரூபாய். மொத்தக் கூடுதல் செலவு 11,200 ரூபாய். அந்தத் தொகைக்கு ஈடான பயன் நமக்கு உண்டா என்பதே கேள்வி. நாள்தோறும் வெளியே ஆணை பெறுபவருக்கு அது சில வாரங்களில் திரும்பிவிடும். வீட்டிலேயே வைத்திருப்பவருக்குத் திரும்பவே திரும்பாது. ‘வட்டியில்லாத் தவணை’ என்று அழைத்தால், உடனடியாகப் பணம் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி என்ன, தவணைக்குச் செயற்கட்டணம் என்ன என்று கேளுங்கள். வட்டி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மளிகைக் கடை அம்மையாருக்கு நாம் சொன்னது

அவருக்கு நாம் புதிய டேப்லெட்டைப் பரிந்துரைக்கவில்லை. கணக்கு எழுத அவரிடமிருந்த கருவியே போதும். அவருக்குத் தேவைப்பட்டது பணம் வந்த செய்தி கடையிலேயே, அந்நேரத்திலேயே ஒலிப்பது. தனக்கென ஒரு சிம்மும் மின்கலமும் கொண்ட ஒலிப்பெட்டியை மாத வாடகைக்கு எடுத்தார். மின்சாரம் நின்றாலும் அது பேசும். கணக்கில் மகனின் எண்ணுக்கு மாறாகத் தம் எண்ணைப் பதிவு செய்துகொண்டார். சென்ற பணம் போனதுதான். அதற்குப் பின் அவ்வாறு நேரவில்லை என்று அண்மையில் வந்தபோது கூறினார்.

சுரங்கம் இயங்கிய காலத்தில், கீழிருந்து மணி ஒலிக்காமல் மேலே கேஜை நகர்த்தமாட்டார்கள் என்பதை இவ்வூரின் மூத்தவர்கள் அறிவர். கடைக்கும் அதே நெறிதான். வாடிக்கையாளரின் திரை நமக்கு மணியாகாது. அதைப் போலியாக உருவாக்குவது எளிது. நம் கணக்கிலிருந்து வரும் செய்தியே மணி.

உண்மையாகவே வாடிக்கையாளரின் கணக்கில் பணம் கழிந்து, கடைக்கு உறுதிச் செய்தி வராமலும் போகலாம். அப்போது சச்சரவு வேண்டாம். ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, அத்தகைய யுபிஐ பரிமாற்றம் நடந்த நாளுக்குப் பின் ஐந்து நாள்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இதை அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள். ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

1. இதை ஓரிடத்தில் பயன்படுத்துவேனா, வெளியே எடுத்துச் செல்வேனா?
2. இணையம் இல்லாதபோது என் செயலி இயங்குமா?
3. யுபிஐ இதிலேயே வேண்டுமா? வேண்டுமெனில் என் சிம்மிலிருந்து குறுஞ்செய்தி செல்கிறதா?
4. பழுதுபார்ப்பு நிலையம் எங்கே, புதுப்பிப்பு எத்தனை ஆண்டு?
5. மூன்று ஆண்டுச் செலவு மொத்தம் எவ்வளவு?

இவற்றுக்கு விடை எழுதிய தாளுடன் கடைக்குச் சென்றால், விற்பனையாளர் சொல்வதில் எது நமக்கு உரியது என்பது தெளிவாகும். கணக்கில் பதிவான எண் யாருடைய கைப்பேசியில் உள்ளது என்ற ஐயம் இருப்பின், கடைக்குச் செல்லும் முன் பாஸ்புத்தகத்துடன் நம் கிளைக்கு வாருங்கள். அதைச் சரிசெய்ய எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை.