விருதுப் பரிந்துரை ஒரு தீர்ப்பா? ‘லீவிங் நெவர்லேண்ட்’ பற்றிச் சில குறிப்புகள்

2019 ஜூலை 16 அன்று எம்மி விருதுக்கான பரிந்துரைப் பட்டியல் வெளியானது. ‘லீவிங் நெவர்லேண்ட்’ ஆவணப்படத்துக்கு அதில் ஐந்து இடம். உலகம் முழுக்க மைக்கேல் ஜாக்சன் ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். நானும் கொதித்தேன். ஒன்பதாம் வகுப்பில் ‘டேஞ்சரஸ்’ கேசட்டைத் தேயத் தேயக் கேட்டவன் நான். பென்சிலை விட்டுச் சுற்றி அந்த நாடாவை எத்தனை தடவை சரி செய்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

அந்தக் கோபத்தில் நான் செய்த ஒரு காரியம் இன்னும் உறுத்துகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் விஷயத்தைப் பார்ப்போம்.

படத்தில் என்ன இருக்கிறது?

இயக்கியவர் டான் ரீட். கிட்டத்தட்ட நான்கு மணி நேரப் படம். 2019 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் முதல் திரையிடல். மார்ச் 3, 4 தேதிகளில் எச்பிஓ இரண்டு பாகமாக ஒளிபரப்பியது. வேட் ராப்ஸன், ஜேம்ஸ் சேஃப்சக் என்ற இரண்டு பேர், தாங்கள் சிறுவர்களாக இருந்தபோது ஜாக்சன் தங்களைப் பல வருஷம் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினார் என்று சொல்கிறார்கள். அவர்கள் வீட்டாரும் பேசுகிறார்கள். எதிர்த்தரப்பிலிருந்து பேட்டி ஒன்றும் கிடையாது. ஜாக்சன் 2009 ஜூன் 25 அன்றே இறந்துவிட்டதால் அவரும் பதில் சொல்ல முடியாது. அவருடைய எஸ்டேட், அதாவது சொத்துகளை நிர்வகிக்கும் அமைப்பு, முழுவதையும் மறுக்கிறது.

ரசிகர்களின் வாதத்தை நியாயமாகவே எடுத்து வைக்கிறேன். 2005-ல் கலிஃபோர்னியாவில் வேறொரு சிறுவன் தொடர்பாக நடந்த வழக்கில், எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் ஜாக்சனை ஜூரி விடுவித்தது. அந்த வழக்கில் இதே ராப்ஸன் சத்தியம் செய்து, தனக்கு எதுவும் நடக்கவில்லை என்று ஜாக்சனுக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னார். பிறகு 2013-ல் ராப்ஸனும் 2014-ல் சேஃப்சக்கும் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார்கள்.

அடுத்தது அந்த ரயில் நிலைய விவகாரம். நெவர்லேண்ட் பண்ணையில் இருந்த ரயில் நிலையத்தையும் சம்பவம் நடந்த இடங்களில் ஒன்றாக சேஃப்சக் படத்தில் சொல்கிறார். அந்தக் கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கப்பட்டதே 1993 செப்டம்பரில்தான் என்று ஆவணங்களை ஒருவர் எடுத்துப் போட்டார். தனக்கு நடந்தது 1992-லேயே முடிந்தது என்று சேஃப்சக் முன்பு சொல்லியிருந்தார். கட்டடத்தின் தேதி சரிதான், தவறாக இருப்பது துன்புறுத்தல் முடிந்த தேதி என்று டான் ரீட் பதில் சொன்னார். ரசிகர்களுக்கு அது போதவில்லை.

இவை எல்லாம் கேட்கவேண்டிய கேள்விகள்தான். சிக்கல் அடுத்த படியில் வருகிறது: “இவ்வளவு ஓட்டை இருக்கிற படத்துக்கு ஐந்து நாமினேஷனா? அப்படின்னா இதெல்லாம் உண்மைன்னு முத்திரை குத்திட்டாங்களா?”

எம்மி எதை அளக்கிறது?

அந்த ஐந்து பிரிவுகளைப் பாருங்கள். சிறந்த ஆவணப்படச் சிறப்பு நிகழ்ச்சி, இயக்கம், படத்தொகுப்பு, ஒலித்தொகுப்பு, ஒலிக்கலவை. ஓட்டுப் போடுபவர்கள் டெலிவிஷன் அகாடமி உறுப்பினர்கள். அதாவது அதே தொழிலில் இருப்பவர்கள். ஒலிக்கலைஞர்கள் ஒலியை எடைபோடுகிறார்கள், எடிட்டர்கள் வெட்டை எடைபோடுகிறார்கள். யாரும் சாட்சியைக் கூப்பிட்டுக் குறுக்கு விசாரணை செய்வதில்லை. கட்டட அனுமதியின் தேதியைச் சரிபார்ப்பது அவர்கள் வேலையும் இல்லை.

என் தொழிலில் இதற்குச் சரியான உதாரணம் உண்டு. ஒரு புரோகிராமுக்கு ஐந்து டெஸ்ட் எழுதி, ஐந்தும் பாஸ் ஆனால், அந்த ஐந்து டெஸ்டும் கேட்ட கேள்விகளுக்குச் சரியான விடை வந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். கேட்காத கேள்வியைப் பற்றி டெஸ்ட் ஒன்றும் சொல்லாது. “இது உண்மையா?” என்ற கேள்வி அந்த ஐந்தில் எதிலும் இல்லை.

செப்டம்பரில் விருது அறிவித்தபோது ஐந்தில் ஒன்றுதான் கிடைத்தது. சிறந்த ஆவணப்படச் சிறப்பு நிகழ்ச்சி. புனைவை ஆவணப் பிரிவில் கௌரவிப்பது கேலிக்கூத்து என்று ஜாக்சன் எஸ்டேட் அறிக்கை விட்டது. மற்ற நான்கையும் ‘ஃப்ரீ சோலோ’ தட்டிக்கொண்டு போனது. எல் கேபிடன் என்ற மலைப்பாறையில் ஒருவர் கயிறே இல்லாமல் ஏறிய படம் அது. அந்த விருதைப் பார்த்து, கயிறில்லாமல் பாறை ஏறுவது புத்திசாலித்தனம் என்று அகாடமி தீர்ப்புச் சொல்லிவிட்டதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே மேடை, ஒரே ஓட்டு முறை. ஒன்றை விருதாகவும் இன்னொன்றைத் தீர்ப்பாகவும் பார்த்தது நாம்தான்.

தமிழில் ‘ஆவணப்படம்’ என்ற சொல்லும் கொஞ்சம் குழப்புகிறது. ஆவணம் என்றாலே நமக்குப் பத்திரம், பட்டா, ரிஜிஸ்தர் ஆபீஸ் முத்திரை ஞாபகத்துக்கு வரும். ஆனால் இந்த வகைப் படங்களில் எல்லாருக்கும் தெரிந்த ஆரம்பகாலப் படமான ‘நானூக் ஆஃப் தி நார்த்’ (1922) படத்திலேயே பல காட்சிகள் காமிராவுக்காக நடிக்க வைத்து எடுக்கப்பட்டவை.

விருதும் உண்மையும்: இரண்டு பழைய கணக்குகள்

‘சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்’ 2013-ல் ஆஸ்கர் வாங்கியது. அமெரிக்காவில் யாரும் கண்டுகொள்ளாத ராட்ரிகஸ் என்ற பாடகர், தனக்கே தெரியாமல் தென்னாப்பிரிக்காவில் பெரிய நட்சத்திரமாக இருந்த கதை. அருமையான படம். ஆனால் அவர் 1979-லும் 1981-லும் ஆஸ்திரேலியா போய்க் கச்சேரிகள் நடத்தியிருக்கிறார் என்பதைப் படம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் மறக்கப்பட்ட மனிதன் என்ற கதையின் பலம் பாதி போயிருக்கும். ஆஸ்கருக்கு அது தடையாக இல்லை.

மறுபக்கம் எரோல் மாரிஸின் ‘தி தின் ப்ளூ லைன்’ (1988). டல்லஸில் ஒரு போலீஸ்காரரைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட ராண்டல் ஆடம்ஸ் அதைச் செய்யவில்லை என்று சாட்சிகளைத் தோண்டி எடுத்துக் காட்டிய படம். அடுத்த வருஷமே அவர் சிறையிலிருந்து வெளியே வந்தார். ஒரு ஆவணப்படம் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் அது. ஆஸ்கரில் அதற்குப் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை.

ஆக, முக்கியமான தகவலை விட்ட படம் விருது வாங்கியிருக்கிறது, உண்மையைக் கண்டுபிடித்த படம் வெளியே நின்றிருக்கிறது. ‘லீவிங் நெவர்லேண்ட்’ இந்த இரண்டில் எதைப் போன்றது என்பதை எம்மி பட்டியலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

பிறகு ஏன் அவ்வளவு கோபம்?

முதல் காரணம், விருதை நிரூபணமாகப் பார்க்கப் பழகியது ரசிகர்களாகிய நாமேதான். 1984-ல் ஒரே இரவில் எட்டு கிராமி வாங்கினார் என்று இன்றைக்கும் மார்தட்டுகிறோம். அன்றைய ஓட்டு அவருடைய மேன்மைக்குச் சான்று என்றால், 2019-ன் ஓட்டும் ஏதோ ஒன்றுக்குச் சான்றாகத்தானே தோன்றும்? அளவுகோலைக் கையில் கொடுத்தது நாம்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. இறந்தவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. அமெரிக்கச் சட்டத்தில் இறந்தவருக்காக அவதூறு வழக்கும் போட முடியாது. அதனால்தான் எஸ்டேட் சுற்றி வளைத்துப் போனது. 1992-ல் புகாரெஸ்ட் கச்சேரியை ஒளிபரப்ப எச்பிஓ போட்ட ஒப்பந்தத்தில் ஜாக்சனை இழிவுபடுத்தக் கூடாது என்று ஒரு ஷரத்து இருந்தது. அதைப் பிடித்து 10 கோடி டாலர் வழக்கு. பிரான்ஸில் மூன்று ரசிகர் சங்கங்கள், இறந்தவரின் நினைவைக் களங்கப்படுத்துவது பற்றிய சட்டத்தின் கீழ் ஆளுக்கு ஒரு யூரோ கேட்டு வழக்குப் போட்டன. லண்டனில் ரசிகர்கள் பணம் வசூலித்து, அவர் நிரபராதி என்று பேருந்துகளில் விளம்பரம் வைத்தார்கள். போக்குவரத்து நிர்வாகம் அதை எடுத்துவிட்டது. நியூசிலாந்திலும் கனடாவிலும் சில வானொலிகள் பாட்டையே நிறுத்தின.

குற்றம் நடந்ததா இல்லையா என்று முடிவு சொல்லக் குற்றவியல் நீதிமன்றம் இல்லாதபோது, பேருந்து, வானொலி, விருது மேடை எல்லாமே நீதிமன்றமாகத் தெரிகிறது. ரசிகனுக்கு மட்டும் இல்லை, படத்தை நம்பியவர்களுக்கும் அப்படித்தான். “பாருங்க, எம்மியே கிடைச்சிடுச்சு” என்று கொண்டாடியவர்களும் செய்தது அதே தவறு.

நான் செய்த காரியம்

அந்த ஜூலை இரவு எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் ஒரு மீம் போட்டேன். இருபது வருஷம் சும்மா இருந்துவிட்டு, பணம் தீர்ந்ததும் ஞாபகம் வந்துவிட்டதா என்பதுபோல ஒரு கிண்டல். நாலைந்து பேர் சிரித்தார்கள். அரை மணி நேரம் கழித்து ஒரு வகுப்புத் தோழன் தனியாகச் செய்தி அனுப்பினான்.

“மச்சி, இருபது வருஷம்தானே? எனக்கு முப்பத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னும் வீட்ல சொல்லல. நீ போட்டதுக்கு அப்புறம் சொல்லவும் தோணாது.”

ஹாஸ்டலில் நான்கு வருஷம் பக்கத்து அறையில் இருந்தவன். எனக்குத் தெரியாது. மீமை அழித்துவிட்டு அவனைக் கூப்பிட்டேன். அன்று எடுக்கவில்லை. பேச ஆரம்பிக்கப் பல மாதம் ஆனது. இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். “பேர் போடாத, மத்தபடி எழுது” என்றான்.

ராப்ஸனும் சேஃப்சக்கும் சொல்வது உண்மை என்று இது நிரூபிக்காது. என் நண்பனின் அனுபவம் வேறு, அவர்கள் வழக்கு வேறு. ஆனால் என் கிண்டல் எங்கே தவறியது என்று எனக்குப் புரிந்தது. ரயில் நிலையம் எப்போது கட்டப்பட்டது என்று கேட்பது ஒரு தகவலைச் சோதிக்கிற கேள்வி. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. “இத்தனை வருஷம் ஏன் சொல்லல?” என்ற நக்கல் ஜாக்சனைக் காப்பாற்றாது. கேட்டுக்கொண்டு பக்கத்தில் சும்மா இருக்கிறவனின் வாயை அடைக்கும். குழந்தையாக இருந்தபோது நடந்ததைச் சொல்லப் பல பத்தாண்டுகள் ஆகலாம் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. எம்மி அறிவித்த அடுத்த மாதம், 2019 அக்டோபரில், இத்தகைய சிவில் வழக்குகளுக்கான வயது வரம்பைக் கலிஃபோர்னியா 26-லிருந்து 40-ஆக உயர்த்தியது. தள்ளுபடியான அந்த இருவரின் வழக்குகளும் அதற்குப் பிறகுதான் உயிர்பெற்றன. 2023-லும் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவற்றை விசாரிக்கலாம் என்றது.

இப்போது இப்படி ஒரு பட்டியல் வந்தால் மூன்று கேள்விகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்கிறேன். படம் நன்றாக எடுக்கப்பட்டிருக்கிறதா? சொல்வது உண்மையா? இதைப் பற்றி நான் பேசுவதை யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்? முதல் கேள்விக்கு விருதுக் குழு விடை சொல்லும். இரண்டாவதற்கு ஆவணங்களும் சாட்சிகளும் வேண்டும், அப்போதும் முழு விடை கிடைக்காமல் போகலாம். மூன்றாவதை அன்று ராத்திரி நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

‘டேஞ்சரஸ்’ கேசட் இன்னும் பரணில் இருக்கிறது. தூக்கிப் போடவில்லை. முன்பு மாதிரி கேட்கவும் முடியவில்லை.