அசையாமல் உட்கார்ந்த சங்கீதம்

கொள்ளுத் தாத்தா காலத்துப் போட்டோ ஏதாவது உங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறதா? நிறம் பழுப்பு, ஓரமெல்லாம் மங்கல். கண்கள் மட்டும் நம்மை விடாமல் பார்க்கும். வாத்தியக்காரர் ஒருவரை இன்று அதே தோற்றத்தில் படம் பிடிக்க முடியுமா? பேஷாக முடியும். அதற்கு நீலகிரியைப் போல வாய்ப்பான இடம் கிடையாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஏ. டி. டபிள்யூ. பென் என்பவர் உதகமண்டலத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தார். பிரீக்ஸ் துரை மலைவாசிகளைப் பற்றி எழுதிய நூல் 1873-ல் படங்களோடு வெளிவந்தது. அதில் இடம் பெற்றவர்களில் கோத்தர்களும் உண்டு. கொல்லு வேலை, மண்பாண்டம், வாத்தியம் மூன்றிலும் கைதேர்ந்தவர்கள். தோடர், படகர் வீட்டுச் சாவுக்கெல்லாம் அந்த நாளில் அவர்கள் வாத்தியந்தான். 'கொள்' என்பது அவர்களுடைய குழல் (குதிரைக்குப் போடுகிற கொள் அல்ல!).

அந்த நாளில் படத்துக்கு உட்காருவது லேசான காரியமில்லை. பல விநாடிகள் அசையக் கூடாது. தலை ஆடாமலிருக்கப் பின்னால் இரும்புக் கவ்வி கூட வைப்பார்கள். கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதுகிறவர் என்ன செய்வார், பாவம்! குழலைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதான்.

இன்னொரு வேடிக்கை: அந்தத் தகட்டில் நீல ஒளிதான் நன்றாகப் படும், சிவப்பு படாது. அரக்குப் பட்டு கட்டினால் படத்தில் கறுப்புப் புடவை. நீல வானம் வெள்ளை வெளேர். அச்சிட்ட காகிதத்திலோ முட்டையின் வெள்ளைக் கருவைப் பூசியிருப்பார்கள். நாளாக ஆக அதுவும் மஞ்சளித்துவிடும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மூட்டமான காலையில், ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வித்வானை உட்கார வையுங்கள். காமிராவை ஸ்டாண்டில் நிறுத்தி, நீலக் கண்ணாடி மாட்டி, இரண்டு மூன்று விநாடி திறந்து வையுங்கள். அவர் சிரிக்க வேண்டாம். கறுப்பு வெள்ளைப் படத்தைப் பழைய முறையில், பளபளப்பில்லாத காகிதத்தில் அச்சிட்டு, கெட்டியான தேயிலை டிகாஷனில் சற்று ஊறப் போடுங்கள். பழுப்பு ஏறிவிடும். தேயிலைக்குக் குன்னூரில் பஞ்சமா?

ஆனால் ஒன்றை மட்டும் காப்பியடிக்காதீர்கள். அந்தப் பழைய படங்களின் கீழே பெரும்பாலும் இன்ன ஜாதியார் என்றுதான் இருக்கும். ஆளின் பெயர் இராது. பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலா, கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து 2000-லிருந்து 2004 வரை எடுத்த படங்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போட்டோ ஒன்றைப் பார்த்துத் தாமே தோடர் பெண்ணாக வேஷமிட்டு நின்றார். நகலில் நிற்பவர் புஷ்பமாலா என்று ஊருக்கே தெரியும். அசலில் நின்ற அம்மாள் யார்?

எனவே முதலில் வித்வானின் சம்மதத்தைக் கேளுங்கள். படத்தின் பின்புறம் அவர் பெயர், ஊர், வாத்தியம் மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். முடிந்தால், அவர் வாசிக்கும்போதும் ஒன்று எடுங்கள். விரல்கள் கலங்கித்தான் விழும். விழட்டுமே!