உங்களுக்குத் தெரியுமா? – குறும்பட விழா நடத்துகிறவர்கள்

உலகின் மிகப் பழைய குறும்பட விழாக்களில் ஒன்றைத் தொடங்கியவர் சினிமாக்காரர் அல்லர். ஜெர்மனியில் ஓபர்ஹவுசன் என்று ஒரு தொழில் நகரம். நிலக்கரியும் இரும்பும்தான் ஊருக்குச் சோறு போட்டன. அங்கே வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை வகுப்பு நடத்திய கல்வி நிலையத்தின் தலைவர் ஹில்மர் ஹோஃப்மன் 1954இல் அந்த விழாவை ஆரம்பித்தார். 1962இல் அதே மேடையில்தான் 26 இளைஞர்கள் பழைய ஜெர்மன் சினிமாவை நிராகரித்து அறிக்கை வெளியிட்டார்கள். ஹோஃப்மன் பின்னாளில் கோதே இன்ஸ்டிட்யூட்டின் தலைவரானார்.

பிரான்சின் கிளெர்மோன் ஃபெரான் விழாவுக்கு 1979இல் விதை போட்டவர்கள் கல்லூரி மாணவர்கள். இன்று ஆண்டுக்கு 8,000 படங்களுக்கு மேல் அங்கே வந்து குவிகின்றன. படத்துக்குப் பதினைந்து நிமிடம் என்று வைத்தாலும் பார்த்து முடிக்க 2,000 மணி நேரம் ஆகும். விழா இயக்குநரின் வேலை என்றதும் சிவப்புக் கம்பளம்தான் நமக்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் அவருடைய ஆண்டின் பெரும்பகுதி படம் பார்க்கும் இருட்டறையில்தான் கழிகிறது.

நம் மதுரையில் 1998இலிருந்து சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழா நடக்கிறது. அதன் பின்னால் நிற்பவர் அமுதன் ஆர்.பி.; மனிதக் கழிவை மனிதர் அள்ளும் கொடுமையைப் பற்றி ‘பீ’ எடுத்த ஆவணப்பட இயக்குநர். அவருடைய ‘மறுபக்கம்’ அமைப்புக்குக் கல்லூரிகளும் சிறு அரங்குகளும்தான் தியேட்டர். பெரிய பணம் இல்லாமல் கால் நூற்றாண்டுக்கு மேல் ஒரு விழாவை நடத்தி வருவது, என் கணக்கில், பத்துப் படம் எடுப்பதைவிடக் கடினம்.

திருவனந்தபுரம் ஆவணப்பட, குறும்பட விழாவின் கலை இயக்குநராகப் பல ஆண்டுகள் இருந்த பீனா பால், படத்தொகுப்பாளர். ஜான் ஆபிரகாமின் ‘அம்ம அறியான்’ (1986) அவர் தொகுத்ததுதான். ரேவதி இயக்கிய ‘மித்ர், மை ஃப்ரெண்ட்’ படத்துக்காகத் தேசிய விருது பெற்றார். எதை வைப்பது, எதை வெட்டுவது என்று வாழ்நாளெல்லாம் முடிவெடுத்த கை, விழாவுக்குப் படம் தேர்ந்தெடுக்கவும் பொருத்தமான கைதான்.

யாழ்ப்பாணத்தில் 2015இல் தொடங்கிய சர்வதேச சினிமா விழாவின் இயக்குநர் அனோமா ராஜகருணா. புகைப்படக் கலைஞர், படைப்பாளி. கொழும்பின் ‘அஜெண்டா 14’ குறும்பட விழாவும் அவர் பொறுப்பில் நடந்ததே.

மும்பையின் ஆவணப்பட, குறும்பட விழா (1990) வேறு ரகம். அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் நடத்தியது. அதிகாரிக்கு மாற்றல் வந்தால் விழா இயக்குநரும் மாறுவார். 2004 விழாவுக்கு இந்தியப் படங்கள் சென்சார் சான்றிதழுடன் வர வேண்டும் என்றார்கள். ஆவணப்படக்காரர்கள் கொதித்தார்கள். நிபந்தனை வாபஸானது, ஆனால் பல படங்கள் தேர்வாகவில்லை. ராகேஷ் ஷர்மாவின் ‘ஃபைனல் சொல்யூஷன்’ அவற்றில் ஒன்று. ஒதுக்கப்பட்ட படங்களைச் சேர்த்து, அதே நாட்களில், அருகிலேயே ‘விகல்ப்’ என்ற போட்டி விழாவை அவர்களே நடத்திக் காட்டினார்கள். படம் எடுப்பவர்கள் ஒரே இரவில் விழா நடத்துகிறவர்களாக மாறுவது இப்படித்தான்.

இப்படி ஒரு விழாவை கார் நிக்கோபாரில் யார் நடத்துவது? அங்கே நீங்களும் நானும் நினைத்தவுடன் போய்விட முடியாது. பழங்குடிகளுக்கென ஒதுக்கப்பட்ட தீவு. ட்ரைபல் பாஸ் வேண்டும். வெளியூர்க்காரர் கூடாரம் அடித்து விழா நடத்திவிட்டுப் போகும் இடமல்ல அது. ஆகவே அங்கே ஒரு குறும்பட விழா என்றால் மூஸ், மாலாக்கா, பெர்க்கா போன்ற ஊர்களின் பிள்ளைகள்தான் அதன் இயக்குநர்களாக வேண்டும்.

2004 சுனாமிக்குப் பின் நிக்கோபாரிகளைப் படம்பிடித்தவர்களில் பெரும்பாலோர் வெளியார். நிவாரணமும் பணமும் அவர்கள் வாழ்வை எப்படிப் புரட்டின என்று ரஃபேல் பார்த் 2014இல் ‘ஆஃப்டர்மாத்: தி செகண்ட் ஃப்ளட்’ எடுத்தார். அதுபோன்ற படங்களை முதலில் பார்க்க வேண்டியவர்கள் அந்தத் தீவுக்காரர்கள். எதைத் திரையிடலாம், எதைத் திருப்பி அனுப்பலாம் என்று சொல்லும் உரிமையும் அவர்களுக்கே முதலில். வசதியைப் பற்றிய கவலை வேண்டாம்: ஒரு புரொஜெக்டர், ஒரு வெள்ளைத் திரை, ஊர்க் கூடம். ஆஸ்கர் கணக்கில் குறும்படம் என்பது டைட்டிலையும் சேர்த்து 40 நிமிடத்துக்குள். ஒரு சாயங்காலத்தில் நான்கைந்து படம் போட்டுப் பேசவும் நேரம் மிஞ்சும்.