விதை நெல்லோடு அதன் விவரத்தையும் காப்பாற்றுங்கள்

நமது காரைக்கால் மாவட்டம் காவிரியின் கடைமடைப் பகுதியாகும். அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, நண்டலாறு, திருமலைராஜனாறு என்று பல ஆறுகள் நம் வயல்களைக் கடந்துதான் கடலுக்குச் செல்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் மேட்டுப் பகுதியின் வடிகால் நீர் முழுவதும் நம் தலையில்தான் இறங்குகிறது. கோடையில் ஆற்றில் நீரோட்டம் இல்லாதபோது, முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே ஏறி வருகிறது. ஆக, வெள்ளமும் உப்பும் நமக்கு ஆண்டுதோறும் வரும் விருந்தாளிகள்.

இந்த இரண்டையும் தாங்கக்கூடிய நெல்லை நம் முன்னோர் தேடித்தேடி வைத்திருந்தனர். குழியடிச்சான், பனங்காட்டுக் குடவாழை, களர்பாலை போன்ற பெயர்களைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். இவற்றில் சில மீண்டும் நம் பகுதிக்கு வந்துள்ளன. 2018-ஆம் ஆண்டு மறைந்த நெல் ஜெயராமன் அவர்கள் ஊர் ஊராகச் சென்று 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டதை விவசாயப் பெருமக்கள் அறிவீர்கள். விதை கிடைத்து விட்டது. ஆனால் அந்த விதை எந்த மண்ணில், எத்தனை நாள் நீருக்கு அடியில், எந்த அளவு உப்பில் நின்றது என்ற விவரம் பல ரகங்களுக்கு முழுமையாக இல்லை. இக்கட்டுரை அந்த விவரத்தைப் பற்றியது.

ஒரிசா நெல் சொல்லும் பாடம்

விவரம் இருந்தால் என்ன பயன் என்பதற்கு ஓர் உதாரணம் நம் வயலிலேயே இருக்கிறது. டெல்டா விவசாயிகள் சம்பா பட்டத்தில் பயிரிடும் சி.ஆர். 1009 ரகத்தை அனைவரும் அறிவர். பொன்மணி என்றும் அதற்குப் பெயர் உண்டு. அதிலிருந்து உருவாக்கப்பட்ட சி.ஆர். 1009 சப்-1 என்ற ரகம், பயிர் முழுவதும் நீரில் மூழ்கினாலும் சுமார் இரண்டு வாரம் உயிரோடு இருக்கக் கூடியது. இந்தத் தன்மை எங்கிருந்து வந்தது? ஒரிசாவில் வெள்ளம் தேங்கும் தாழ்வான நிலங்களில் விவசாயிகள் பயிரிட்டு வந்த தால்புட்டியா என்ற நாட்டு நெல்லிலிருந்து வந்தது.

அந்த நாட்டு நெல்லிலிருந்து 1940-களில் ஒரு தனிவழித் தேர்வு செய்யப்பட்டு, எப்.ஆர். 13 ஏ என்று பெயரிடப்பட்டது. இந்தப் பெயரைச் சற்றுக் கவனிக்க வேண்டும். எப்.ஆர். என்றால் வெள்ளத்தைத் தாங்குவது என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம். அதாவது, அந்த நெல்லின் குணம் அதன் பெயரிலேயே எழுதி ஒட்டப்பட்டு விட்டது. பிற்காலத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆயிரக்கணக்கான நெல் வகைகளுக்கு நடுவே வெள்ளம் தாங்கும் நெல்லைத் தேடியபோது, இது உடனே கவனத்துக்கு வந்தது. 1990-களில் அதன் குணத்துக்குக் காரணமான மரபணுப் பகுதி கண்டுபிடிக்கப்பட்டது. 2006-ல் அந்த மரபணுவே அடையாளம் காணப்பட்டது. 2009-ல் சொர்ணா சப்-1 நம் நாட்டில் வெளியிடப்பட்டது. தொடக்கத் தேர்விலிருந்து விவசாயி கைக்கு விதை வர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அரசுகளும் பொது நிறுவனங்களும் செலவு செய்து அத்தனை காலம் அந்தக் கைப்பிடி விதையையும் அதன் சீட்டையும் காத்ததால்தான் இது நடந்தது.

இந்த மரபணு செய்யும் வேலை வேடிக்கையானது. சாதாரண நெல் நீரில் மூழ்கினால், மூச்சு விடுவதற்காக வேகவேகமாக வளர்ந்து மேலே வரப் பார்க்கும். அந்த முயற்சியில் கையிருப்பு மாவுச்சத்தை எல்லாம் செலவழித்து விடும். நீர் வடிந்ததும் துவண்டு விழுந்து அழுகும். சப்-1 உள்ள பயிரோ வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, மூச்சை அடக்கிக் கிடக்கும். நீர் வடிந்த பின் மிச்சமிருக்கும் சத்தைக் கொண்டு துளிர் விடும். ஆனால் ஒன்று. அரையளவு நீர் மாதக்கணக்கில் தேங்கும் வயலுக்கும், விதைத்தவுடன் முளைக்கும் முன்பே மூழ்கும் வயலுக்கும் சப்-1 உதவாது. விதை விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

உப்புக்கும் இதே கதைதான். கேரளக் கடலோரத்தில் உப்புநீர் ஏறும் நிலங்களில் விளையும் பொக்காலி நெல்லில், உப்பின் சோடியம் தாளுக்கு ஏறாமல் தடுக்கும் சால்டால் என்ற மரபணுப் பகுதி 1990-களில் கண்டறியப்பட்டது. இது நாற்றுப் பருவத்துக்குத்தான் காவல். பூக்கும் பருவத்தில் உப்பைத் தாங்க வேறு மரபணுக்கள் தேவை. அவை எந்த ஊர் நாட்டு நெல்லில் ஒளிந்திருக்கின்றனவோ? நம் ஊர் நெல்லாகவும் இருக்கலாம்.

விவரம் இன்றிப் போன விதை

இதை எழுதும்போது எனக்கு ஒரு குற்ற உணர்வு உண்டு. சுனாமிக்கு அடுத்த ஆண்டு, 2005 சம்பாவில், திருமலைராயன்பட்டினத்துக்குக் கிழக்கே ஒரு துண்டு நிலத்தில் நெல் நன்றாக நின்றது. சுற்றிலும் இருந்த வயல்கள் மஞ்சளாகக் கிடந்தன. அந்த நிலத்துக்காரப் பெரியவர், "இது எங்க தாத்தா காலத்து நெல்லு தம்பி. உப்புக்குப் பயப்படாது" என்றார். நான் மூன்று கைப்பிடி கதிரை ஒரு துணிப்பையில் போட்டு, "உள்ளூர் நெல், உவர்" என்று இரண்டு வார்த்தை எழுதி, தேதி போட்டு வைத்தேன். அந்த வயல் மண்ணை எடுத்து உப்பின் அளவைச் சோதிக்கவில்லை. நெல்லின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அவசரம், வேறு வேலை என்று காரணம் சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பை ஓர் அலமாரியில் இரண்டு மழைக்காலம் இருந்தது. பிறகு முளைப்புத் திறன் பார்த்தபோது ஒன்றுகூட முளைக்கவில்லை. மீண்டும் அந்த ஊருக்குப் போனேன். பெரியவர் காலமாகி விட்டார். நிலம் தரிசாகக் கிடந்தது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழையும் மிகக் கடுமையாகப் பெய்தது. அந்தப் பயிரைக் காத்தது ரகத்தின் குணமா, அல்லது மழை உப்பைக் கழுவியதா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது. விதை இருந்திருந்தால் சோதித்திருக்கலாம். குறிப்பு இருந்திருந்தால் அதே நெல்லை வேறு இடத்தில் தேடியிருக்கலாம். இரண்டும் இல்லை.

இதற்கு நேர் எதிரான நிகழ்ச்சி கம்போடியா நாட்டில் நடந்தது. 1970-களில் அங்கு நடந்த போரிலும் கொடிய ஆட்சியிலும் விவசாயிகள் தங்கள் பாரம்பரிய விதைகளை இழந்தனர். ஆழ்நீர் நிலத்துக்கு ஏற்ற நெல்லும் அவற்றோடு போயிற்று. நல்லகாலமாக, அதற்குச் சற்று முன்பு அந்த நாட்டின் நெல் ரகங்கள் நூற்றுக்கணக்கில் சேகரிக்கப்பட்டு, பெயரும் விவரமும் எழுதப்பட்டு, பிலிப்பைன்ஸ் விதை வங்கியில் வைக்கப்பட்டிருந்தன. 1980-களில் அவை கம்போடியாவுக்குத் திரும்பச் சென்றன.

வசம்பும் சுவடியும்

விதைக்கும் ஓலைச்சுவடிக்கும் ஒரு நெருங்கிய உறவு உண்டு. இரண்டுக்கும் பகை ஈரமும் பூச்சியுமே. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கு இடையே வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, லவங்கப்பட்டை, கற்பூரம் ஆகியவற்றைப் பொடித்து முடிச்சாகக் கட்டி வைப்பது வழக்கம். அதே வசம்பைத்தான் நம் வீட்டுப் பெண்கள் விதையில் போட்டு வந்தனர். வசம்பின் வாசனைப் பொருளுக்குப் பூச்சிகளைத் தடுக்கும் சக்தி உண்டு என்பதை ஆராய்ச்சியும் உறுதி செய்துள்ளது.

நமது மாநிலத் தலைநகரான புதுச்சேரியில் 1955-ல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. ஒரே நிறுவனத்தில் ஒரு பக்கம் ஓலைச்சுவடிகள். மறுபக்கம் உலர்ந்த செடிகளின் தொகுப்பும் மகரந்தத் தொகுப்பும். புதுச்சேரியின் சைவச் சுவடிகள் 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம் பெற்றன. இப்போது சுவடிகளைப் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி வருகிறார்கள். இங்கும் பொதுமக்கள் பணமே செலவாகிறது. ஒரு காலத்தில் பழைய சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கம் இருந்ததையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் சுவடியைப் படமெடுத்தால் எழுத்து பிழைத்து விடும். நெல் அப்படி அல்ல. முக்கூடற்பள்ளு போன்ற பள்ளு நூல்களில் நெல் வகைகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. அந்த நூல்கள் அச்சிலும் கம்ப்யூட்டரிலும் பத்திரமாக உள்ளன. அதில் வரும் எத்தனை பெயருக்கு இன்று விதை உண்டு? பெயரைப் பூமியில் ஊன்ற முடியுமா?

இப்போது நெல்லின் மரபணு எழுத்துக்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றி விட்டார்கள். ஜப்பான் தலைமையில் இந்தியா உள்ளிட்ட பல நாடுகளின் அரசு நிறுவனங்கள் சேர்ந்து, 2005-ல் நெல்லின் முழு மரபணு வரிசையை வெளியிட்டன. நம் விஞ்ஞானிகள் 11-ஆவது குரோமோசோமின் ஒரு பகுதியைச் செய்தனர். 2014-ல் 89 நாடுகளைச் சேர்ந்த 3,000 நெல் வகைகளின் வரிசை பொதுவில் வைக்கப்பட்டது. உலகில் யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம். விதையைத் தொடாமலே படிக்கலாம் என்பதால், அந்த நெல்லை வளர்த்துக் காத்த விவசாயிக்கு என்ன பங்கு என்ற கேள்வி சர்வதேச அரங்கில் எழுந்துள்ளது. இத்தகைய மரபணுத் தகவலால் லாபம் பெறும் நிறுவனங்கள் பணம் செலுத்துவதற்காக, 2025 பிப்ரவரியில் கலி நிதி என்ற பொது நிதி தொடங்கப்பட்டது. கொடுப்பது பெரும்பாலும் நிறுவனங்களின் மனதைப் பொறுத்ததாக இருப்பதால், அதை நம்பி நாம் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

நாம் செய்ய வேண்டியது

உங்களிடம் பழைய நெல் ஒன்று இருந்தால், வரப்போரக் கதிரை விட்டு, வயலின் நடுவில் குறைந்தது ஐம்பது செடிகளிலிருந்து முற்றிய கதிர்களைப் பறியுங்கள். நாட்டு ரகத்தில் இரண்டொரு கதிர் சற்று வேறுபட்டிருப்பது குறை ஆகாது. அந்தக் கலப்பில்தான் அதன் பலம் இருக்கலாம். எனவே எல்லாவற்றையும் ஒரே மாதிரியாகப் பொறுக்கிச் சுத்தப்படுத்த வேண்டாம்.

காலை 8 மணி முதல் 12 வரையிலும், பிற்பகல் 3 முதல் 5 வரையிலும் காய வையுங்கள். உச்சி வெயில் விதைக்கு ஆகாது. சாக்கில் வைப்பதானால் ஈரப்பதம் 13 சதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. காற்றுப் புகாத டின்னில் வைப்பதானால் 8 சதத்துக்கு இறக்க வேண்டும். ஈர விதையை டின்னில் அடைத்தால், சாக்கில் இருப்பதைவிட விரைவாகச் செத்து விடும். நம் கடலோரக் காற்றில் வெயிலை மட்டும் நம்பி 8 சதம் கொண்டு வருவது கடினம். கடைகளில் கிடைக்கும் சிலிகா ஜெல் மணிகளை விதைக்குச் சம எடையாகத் துணியில் முடிந்து, அதே டின்னில் ஒரு வாரம் வைத்து எடுக்கலாம். ஈரப்பதம் ஒரு சதம் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதை இயல் கணக்கு. சாக்கில் வைப்பவர்கள் கிலோவுக்கு 10 கிராம் வசம்புத்தூள் கலக்கலாம். அவ்வாறு கலந்த விதையைச் சமைத்து உண்ணக் கூடாது.

அடுத்து சீட்டு. பென்சிலால் எழுதுங்கள், மை கரைந்து விடும். ஒரு சீட்டு டின்னுக்கு உள்ளே, ஒன்று வெளியே. நெல்லின் பெயர், பக்கத்து ஊரில் அதற்கு வேறு பெயர் உண்டானால் அதுவும், யாரிடமிருந்து வந்தது, எந்த வயல், எந்தப் பட்டம், எத்தனை நாள் என்பதை எழுதுங்கள். வெள்ளம் வந்தால் எத்தனாவது நாள் பயிரில் வந்தது, நுனி மூழ்கி எத்தனை நாள் இருந்தது, நீர் தெளிவா கலங்கலா என்று குறிப்பிடுங்கள். உப்பு என்றால் கையளவு மண்ணையும் எடுத்து வந்து மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரியிலோ காட்டி, மின்கடத்தும் திறன் எவ்வளவு என்று கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். 4-க்கு மேல் இருந்தால் அது உவர் நிலம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அந்த நெல்லைப் பற்றி அவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் செல்போனில் பதிவு செய்யட்டும். என்னைப் போல் இரண்டு வார்த்தையோடு நிறுத்தி விடாதீர்கள்.

விதையில் ஒரு பங்கை விஞ்ஞானிகளிடம் கொடுக்கும்போது ரசீது கேளுங்கள். புதுதில்லி தேசிய விதை வங்கியில் நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் உறைகுளிரில் உள்ளன. அங்கு சேர்ந்தால் ஐ.சி. எண் ஒன்று தரப்படும். அந்த எண்ணை வாங்கி வைத்துக் கொண்டால், பத்தாண்டு கழித்தும் "எங்கள் நெல் எங்கே?" என்று கேட்க முடியும். 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின்படி, விவசாயிகள் தங்கள் ரகத்தைக் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். ஊராகச் சேர்ந்தும் செய்யலாம். அந்தந்தக் கொம்யூன் பஞ்சாயத்தின் பல்லுயிர்ப் பதிவேட்டிலும் நெல்லின் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

சம்பா அறுவடை தை மாதத்தில் வருகிறது. பயிர் நிற்கும்போதே, கார்த்திகை வெள்ளத்தின்போதே, சீட்டின் முதல் வரியை எழுதி விடுங்கள். கதிரைப் பிறகு பறித்துக் கொள்ளலாம்.